புல்லைக் கொல்லும் மருந்தும் புட்டியில் இல்லாத எண்ணும்

மன்னார்குடிக்குத் தெற்கே, மாசி முதல் வாரம். வரப்பிலிருந்து பார்க்கச் சித்தப்பாவின் உளுந்து வயல் பச்சைப் பசேலென்று இருந்தது. “நல்லா வந்திருக்கே சித்தப்பா” என்றேன். “எறங்கிப் பாருடா” என்றார். இறங்கிக் குனிந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பச்சையில் பாதி உளுந்து இல்லை என்பது. அரிதாள் கட்டையிலிருந்து கிளம்பிய மறுதாம்பு, அறுவடை இயந்திரம் சிந்திய நெல் முளைத்த நாற்று, இடையிடையே குதிரைவாலிப் புல். 18 நாள் உளுந்து அவற்றின் காலடியில் வெளிச்சத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஒரு மறுதாம்புத் தூரைக் காலால் தட்டினார் சித்தப்பா. “போன மாசம் வரைக்கும் இதுக்குத்தான் உரம் போட்டோம். இப்ப இதுதான் களை.”

காவிரிப் படுகையின் நெல் தரிசுப் பயறு சாகுபடி இன்று நிற்கும் இடத்தை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. நேற்றைய பயிரே இன்றைய களை. அதைக் கொல்லும் மருந்து கடையில் கிடைக்கிறது, வேலையும் செய்கிறது. அந்த மருந்து எந்த வழியில் வேலை செய்கிறது என்பது மட்டும் அதை வாங்கித் தெளிப்பவரிடம் போய்ச் சேரவில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யாவிட்டால், இன்று கைகொடுக்கும் மருந்து சில ஆண்டுகளில் கைவிட்டுவிடும்.

ஆள் அறுத்த வயலும் மிஷின் அறுத்த வயலும்

சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னதாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப் பயறையோ வீசி விதைப்பது படுகையின் பழைய வழக்கம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. நெல் விட்டுப்போன ஈரத்திலும் தை, மாசிப் பனியிலும் 65, 70 நாளில் வந்துவிடும் பயிர் இது. அறுக்க வரும் ஆட்கள் கருக்கரிவாளால் தரையை ஒட்டி அறுப்பார்கள். முளைத்து நிற்கும் இரண்டிலைப் பயறுக்குக் காலடி மிதியால் பெரிய சேதம் வராது. தாள் குட்டையாக இருப்பதால் மறுதாம்பு எழும்பவும் நாளாகும். அதற்குள் உளுந்து படர்ந்து நிழல் கட்டிவிடும்.

இயந்திரம் வந்தபின் இந்த ஒழுங்கு குலைந்தது. பெல்ட் வண்டியாக இருந்தாலும் டயர் வண்டியாக இருந்தாலும் முளைத்த பயறை நசுக்கிவிட்டுத்தான் போகிறது. அதற்குப் பயந்து பலர் அறுவடை முடிந்த பிறகே விதைக்கிறார்கள். அதற்குள் ஈரம் இறங்கிவிடுகிறது. இயந்திரம் உயரமாக விட்டுச்செல்லும் தாள், சிதறும் நெல்மணி இரண்டும் உளுந்துக்கு முன்னால் துளிர்த்துவிடுகின்றன. விதைத்த முதல் 30 நாள்தான் உளுந்துக்கும் பச்சைப் பயறுக்கும் உயிர்நாள். அந்த நாட்களில் ஈரத்தையும் வெளிச்சத்தையும் புல்லிடம் இழந்த பயிர், பிறகு களை எடுத்தாலும் தேறுவதில்லை. ‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்று பெரியவர்கள் சொன்னது இந்த வயலில் அப்படியே பலிக்கும்.

கையால் பறிக்கலாமே என்று நகரத்தில் இருந்துகொண்டு கேட்பது எளிது. வீசி விதைத்த வயலில் வரிசை கிடையாது; களைக்கொத்து போட முடியாது. மறுதாம்புத் தூரைப் பிடுங்கினால் அதைச் சுற்றியுள்ள உளுந்தும் மண்ணோடு பெயர்ந்து வரும். பெயர்ந்த இடத்தில் ஈரம் ஓடிவிடும். எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் களை வருவதால் கூலி ஆளும் அகப்படுவதில்லை. ஆகவே படுகை விவசாயி களைக்கொல்லியை நாடுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயந்திரம் உண்டாக்கிய களைக்கு அவர் தேடிக்கொண்ட பதில் அது.

புல் மட்டும் ஏன் சாகிறது?

ஒரே வயலில் ஒரே நாசிலிலிருந்து விழும் மருந்தில் புல் சாகிறது, உளுந்து தப்புகிறது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. செடியின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சவ்வு வேண்டும். சவ்வுக்குக் கொழுப்பு அமிலம் வேண்டும். அதைத் தயாரிக்கும் முதல் படியில் ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. புல் இனத்தின் பசுங்கணிகங்களில் இந்த நொதி ஒரே துண்டாக, ஒரு வகை அமைப்பில் இருக்கிறது. உளுந்து, பயறு, நிலக்கடலை, சோயா போன்ற இருவித்திலைத் தாவரங்களில் அதே நொதி பல துண்டுகள் சேர்ந்த வேறு அமைப்பில் இருக்கிறது. குயிசலோஃபாப் எத்தில், புரோபாகுயிசாஃபாப் போன்ற மருந்துகள் முதல் வகைப் பூட்டில் போய் மாட்டிக்கொள்ளும் சாவிகள். இரண்டாவது வகைப் பூட்டில் அவை நுழைவதே இல்லை.

மருந்து இலை வழியாக இறங்கி, புல் வளரும் நுனியில் போய்ச் சேர்கிறது. புதுச் செல் உண்டாகும் இடம் அதுதான். எனவே சாவும் அங்கிருந்தே தொடங்குகிறது. தெளித்த மூன்று நாள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஏழு, எட்டு நாள் கழித்து நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் அடி பழுப்பேறி, அழுகி, எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். குருத்துப்பூச்சி அடித்த நெல்லில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். முழுப் புல்லும் காய இரண்டு வாரம்கூட ஆகலாம்.

இந்தக் காத்திருப்பில்தான் விவசாயி ஏமாறுகிறார். நாலாம் நாள் வயலைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஆவலியே” என்று கடைக்கு ஓடுகிறார். கடையில் வேறு பெயரில் இன்னொரு புட்டி கிடைக்கிறது. முதல் புட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே இரண்டாவதும் வயலில் இறங்குகிறது. செலவு இரட்டிப்பாகிறது, பழியோ மருந்தின் மேல் விழுகிறது.

ஒரு மூடிக் கணக்கு

சித்தப்பாவோடு நானும் கடைக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். அந்த உரையாடல் எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். “எத்தனை மா அண்ணே?” “மூணு மா.” “அப்ப இத எடுத்துக்குங்க. டேங்குக்கு ஒரு மூடி ஊத்துங்க.” அவ்வளவுதான்.

மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல் தரிசுப் பயறுக்குச் சொல்வது, விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் எக்டருக்கு 50 கிராம் மூலப்பொருள் அளவில் குயிசலோஃபாப் எத்திலும், அதே அளவில் இமாசெதபைரும். கடையில் கிடைக்கும் 5 சதவீதக் குயிசலோஃபாப்பில் இது ஏக்கருக்கு 400 மி.லி. வரும். எக்டருக்கு 500 லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர் ஏக்கருக்கு 200 லிட்டர். 16 லிட்டர் பேட்டரி டேங்க் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க்; டேங்குக்கு 32 மி.லி. அளவில் மருந்து.

நடப்பது என்ன? மூடி 25 மி.லி. பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தெளிக்கும் ஆள் வேக நடையில் ஏக்கரை ஆறே டேங்கில் முடித்துவிடுகிறார். மொத்தம் 150 மி.லி. வேண்டியதில் பாதிகூட இல்லை. இளம் புல் சாகும். சற்று முற்றியது மயங்கி எழுந்துவிடும். அடுத்த ஆண்டு அதே விவசாயி ‘இரண்டு மூடி’ என்கிறார். அந்த முறை தெளிப்பவர் நிதானமாக நடந்தால் அளவு கூடிப்போகிறது. மருந்தின் அளவு நிலத்துக்கா, டேங்குக்கா என்ற எளிய கேள்வியில் நாம் கோட்டை விடுகிறோம். தெளிப்பதற்கு முன் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒரு மா நடந்து பார்த்து, எத்தனை டேங்க் பிடிக்கிறது என்று எண்ணிவிட்டால் போதும். மீதி, வாய்க்கணக்கு.

நாளும் அப்படித்தான். புல் இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது, மண்ணில் ஈரம் இருக்கும்போது, காலைப் பனி உலர்ந்தபின் தெளிக்க வேண்டும். வறண்ட மண்ணில் புல் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வளராத நுனிக்கு மருந்து போய்ச் சேராது. தரிசு வயலில் ஈரம் நாளுக்கு நாள் இறங்குவதால், 18ஆம் நாளில் முடியும் வேலை 28ஆம் நாளில் முடிவதில்லை. தூர் பெருத்த மறுதாம்பை அடக்குவதும் கடினம். அடியில் சேமிப்பு இருக்கிறது.

தெளிப்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் உளுந்துக்குக் கொண்டுவந்தால், உளுந்து இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொள்ளும். அதைப் பார்த்து ‘புல் மருந்து பயிரை அடித்துவிட்டது’ என்பார்கள். அடித்தது டேங்கில் தங்கிய பழைய மருந்து. முடிந்தால் பயறுக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது நல்லது.

பயிர் மாறியது, வழி மாறவில்லை

இதுவரை சொன்னவை இந்தப் போகத்துப் பிரச்சினைகள். அடுத்தது பல ஆண்டுப் பிரச்சினை.

லட்சக்கணக்கான புல் செடிகள் உள்ள வயலில், பூட்டின் அமைப்பு சற்றே மாறிய செடி ஒன்றிரண்டு இயல்பாகவே இருக்கும். சாவி அந்தப் பூட்டில் சேராது. சுற்றியிருந்த உறவெல்லாம் செத்துப்போக, அந்த ஒன்று தனியாக நின்று ஆயிரக்கணக்கான விதையை உதிர்க்கும். அடுத்த ஆண்டும் அதே மருந்து, அதற்கடுத்த ஆண்டும் அதே மருந்து என்றால், சில ஆண்டுகளில் வயலே அதன் வம்சம் ஆகிவிடும்.

இது ஊகம் அல்ல, நடந்த கதை. தெற்கு ஆஸ்திரேலியாவில் இந்த வகையைச் சேர்ந்த டைக்ளோஃபாப் மருந்துக்கு ரைகிராஸ் என்னும் புல் அடங்க மறுத்தது 1982இலேயே பதிவானது. நம் நாட்டில், 1990களின் தொடக்கத்தில் ஹரியாணா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் மருந்துக்கு ‘குல்லி டண்டா’ புல் அசையவில்லை. கோதுமையைப் போலவே தோன்றும் புல் அது. ஆண்டுதோறும் நெல், கோதுமை, ஒரே மருந்து என்ற சுழற்சியில் அது பழகிக்கொண்டது. மாற்றாக வந்த கிளாடினாஃபாப்புக்கும் பிற்பாடு அதே கதி நேர்ந்தது.

‘நாங்கள்தான் பயிரை மாற்றுகிறோமே, நெல்லுக்குப் பின் பயறு போடுகிறோமே’ என்று படுகை விவசாயி கேட்கலாம். பயிர் மாறுகிறது, உண்மைதான். மருந்தின் வழி மாறுகிறதா? நெல்லில் குதிரைவாலிப் புல்லுக்கு அடிக்கும் சைஹாலோஃபாப், ஃபீனாக்ஸாப்ராப், மெட்டமிஃபாப் எல்லாம் மேலே சொன்ன கொழுப்பு அமிலப் பூட்டின் சாவிகளே. நெல்லும் புல் இனம்தான். ஆனால் அந்தச் சில மருந்துகளை மட்டும் செரித்துத் தப்பிவிடுகிறது. உளுந்தில் அடிக்கும் குயிசலோஃபாப்பும் அதே சாவி. நெல்லில் பரவலாகப் புழங்கும் பிஸ்பைரிபேக் சோடியம் வேறொரு பூட்டைத் திறக்கிறது. சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் நொதி அது. உளுந்துக்கான இமாசெதபைரும் அந்தப் பூட்டையேதான் திறக்கிறது.

அதாவது, சம்பாவில் பிஸ்பைரிபேக்கில் தப்பிய குதிரைவாலி, தையில் இமாசெதபைரைச் சந்திக்கும்போது ஏற்கெனவே பயிற்சி பெற்றுத்தான் வருகிறது. பெயர் வேறு, புட்டி வேறு, பயிர் வேறு, விலை வேறு. வழி ஒன்றே. விவசாயி மருந்தை மாற்றிவிட்டதாக நம்புகிறார். புல்லுக்கு எதுவும் மாறவில்லை.

வேண்டியது ஓர் எண்

இதைத் தெரிந்துகொள்ள விவசாயி வேதியியல் படிக்க வேண்டியதில்லை. களைக்கொல்லிகளை அவை தாக்கும் வழியை வைத்து எண்ணிட்டுப் பிரிக்கும் ஏற்பாடு உலக அளவில் இருக்கிறது. கொழுப்பு அமிலப் பூட்டைத் தாக்குபவை 1ஆம் குழு. பிஸ்பைரிபேக், இமாசெதபைர் ஆகியவை 2ஆம் குழு. முளைக்கும் முன் அடிக்கும் பெண்டிமெத்தலின் 3ஆம் குழு. ஆஸ்திரேலியாவில் களைக்கொல்லிப் புட்டியின் மேலேயே இந்தக் குழுவைக் குறித்தாக வேண்டும். ரைகிராஸிடம் பட்ட பாட்டிலிருந்து அவர்கள் கற்ற பாடம் அது.

நம் புட்டிகளில் என்ன இருக்கிறது? 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகள்படி ஒரு நிற அடையாளம் இருக்கிறது: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. மனிதருக்கு அந்த நஞ்சு எவ்வளவு கொடியது என்று அது சொல்கிறது. அவசியமான செய்தி. களையை எந்த வழியில் தாக்குகிறது என்பதை நிறம் சொல்லாது. உள்ளே மடித்து வைத்த துண்டுச் சீட்டில் எறும்பு வரிசையாக ஓடும் எழுத்தை வயல் வரப்பில் நின்று யார் படிப்பார்?

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு களைக்கொல்லிப் புட்டியின் முகப்பிலும், வணிகப் பெயர் அச்சான அதே அளவு எழுத்தில், குழு எண் இருக்க வேண்டும். பக்கத்தில் தமிழில் ஒரே வரி: ‘சென்ற போகத்தில் இதே எண் தெளித்திருந்தால் வேறு எண் கேளுங்கள்.’ 1968 சட்டத்துக்கு மாற்றாகப் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா 2020இல் மாநிலங்களவையில் அறிமுகமானது. அதுவோ, அதன் மறுவடிவமோ எது சட்டமானாலும் இந்த எண்ணும் அதில் ஏற வேண்டும். இடுபொருள் விற்பவர்களுக்காக ஹைதராபாதிலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான ‘மேனேஜ்’ 2003 முதல் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதில் இதை அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்தால், ‘எத்தனை மா?’ என்று கேட்கும் கடைக்காரர் அடுத்ததாக ‘சம்பாவுக்கு எந்த எண் அடிச்சீங்க?’ என்றும் கேட்பார்.

எண் மட்டும் போதாது என்பதும் உண்மை. அறுவடை இயந்திரம் தாளை எவ்வளவு தாழ வெட்ட வேண்டும், மணி சிந்தாமல் எப்படி ஓட வேண்டும் என்பதை வாடகை பேசும்போதே பேசியாக வேண்டும். உளுந்துக்கான களையெடுப்பு நெல் அறுவடையிலேயே தொடங்குகிறது. விதை அளவைக் குறைக்காமல் எக்டருக்கு 30 கிலோ விதைத்தால் பயிரே புல்லை நிழலால் அடக்கும். தப்பி நிற்கும் புல்லைக் கதிர் விடுமுன் கையால் பறித்துவிட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. புல் என்றால் எல்லாருக்கும் களை அல்ல. களை பறித்த பெண்கள் கூலியோடு ஒரு கட்டுப் புல்லையும் மாட்டுக்குக் கொண்டுபோவார்கள். அறுவடை முடிந்த படுகைக்கு ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கிடை ஓட்டிவரும் கீதாரிகளுக்கு மறுதாம்பு தீவனம்; வயலுக்கு ஆட்டுப் புழுக்கை உரம். மருந்து தெளித்த வயலில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது. தெளித்தது தெரியாமல் மந்தை இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. தெளித்த வயலின் மூலையில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவதற்குச் சட்டம் தேவையில்லை.

பதினோராயிரம் கோடியில் ஒரு பங்கு

பருப்பு விளைவிப்பதிலும் உண்பதிலும் இறக்குமதி செய்வதிலும் இந்தியாவே உலகில் முதலிடம். நம் இட்லிப் பானைக்கான உளுந்தில் ஒரு பகுதி மியான்மரிலிருந்து கப்பலில் வருகிறது. இதை மாற்றத்தான் 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 11,440 கோடி ரூபாயில் பருப்புத் தற்சார்பு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-31க்குள் உற்பத்தியை 350 லட்சம் டன்னாக உயர்த்துவதும், நெல் தரிசு உள்ளிட்ட நிலங்களில் கூடுதலாக 35 லட்சம் எக்டரில் பருப்பு வகைகளைக் கொண்டுவருவதும் இலக்கு. உளுந்துக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26இல் குவிண்டாலுக்கு 7,800 ரூபாய்.

நெல் தரிசில் பயறு என்றால் அந்த வயலில் முதல் எதிரி மறுதாம்பும் புல்லும்தான். விதையும் விலையும் கொடுத்துவிட்டு 18ஆம் நாளை விவசாயியின் தலையெழுத்துக்கு விட்டால் இலக்கு காகிதத்தில்தான் நிற்கும். இயக்கத்தின் பணத்தில் ஒரு சிறு பங்கு ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற தெளிப்பாளருக்கும், அளவு குவளைக்கும், பயறுக்கென்று தனித் தெளிப்பானுக்கும் போகட்டும். அடுத்த தையிலேயே பலன் தெரியும்.

தெளித்த ஒன்பதாம் நாள் மீண்டும் வயலுக்குப் போனோம். குதிரைவாலியின் குருத்து இழுத்த இழுப்பில் வந்தது. மறுதாம்பு மஞ்சளித்து நின்றது. உளுந்து தலை தூக்கியிருந்தது. வாய்க்கால் ஓரமாக நான்கைந்து புல் தூர்கள் மட்டும் எதுவும் நடக்காதது போலப் பச்சையாக இருந்தன. அவை மருந்து படாமல் தப்பினவா, பட்டும் தப்பினவா என்று பார்வைக்குத் தெரியாது. சித்தப்பா யோசிக்கவில்லை; வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டுக்கொட்டகைச் சுவரின் முன் நின்றார். பசுவுக்குச் சினை ஊசி போட்ட தேதியைக் கரித்துண்டால் எழுதிவைக்கும் சுவர் அது. “நீ சொன்ன நம்பர் என்னடா?” என்றார். சொன்னேன். தேதிக்குக் கீழே எழுதினார்: ‘தை உளுந்து 1, 2. சம்பாவுக்கு வேற.’